உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு

"குளம் வேணுமா, குழந்தை வேணுமா? நீயே முடிவு பண்ணிக்கோ" என்று தங்கை போனில் சொன்னபோது பூட்டுக்காரர் கொஞ்சமும் அசரவில்லை.

"ரெண்டும் வேணும்" என்றார்.

பூட்டும் கீலும் கொண்டியும் விற்கிற கடையில் பாதி ஆயுளை உட்கார்ந்தே கழித்தவருக்குப் படிந்துபோன குணம் அது. இதுவா அதுவா என்று யாராவது கேட்டால், மூன்றாவதாக ஒரு சரக்கு அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் என்று நம்புகிறவர். பெரும்பாலும் கிடக்கவும் செய்யும்.

விஷயம் இதுதான். தங்கைக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்திருந்தது. புருஷன் கப்பலில், வீட்டில் இருக்கும் நாளைவிட வீடியோவில் தெரியும் நாள்தான் அதிகம். மூன்று வயது மகளை யார் பார்த்துக்கொள்வது? மாமியார் வீடு தயாராக இருந்தது. ஆனால் அது இரவு முழுக்க ரயிலில் போகவேண்டிய ஊர். அங்கே விட்டால் குழந்தையை மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் உண்டு. அண்ணன் வீடு அதைவிடத் தயாராக இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து சில்லறை தேடி முடிப்பதற்குள் வந்துவிடுகிற தூரம். வேலைக்குப் போகும்போது விட்டு, வரும்போது கூட்டிக்கொள்ளலாம்.

பூட்டுக்காரருக்கும் மனைவிக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது. பேச்சு இல்லையே தவிர, மனைவி ஏற்கெனவே அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து துடைத்து வைத்திருந்தாள். "சும்மா விலை கேட்டேன்" என்று சொல்லியபடி ஒரு சின்னத் தலையணை வாங்கி வந்திருந்தாள். நடந்தால் பீப் பீப் என்று கத்துகிற குழந்தைச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி, யாரும் இல்லாதபோது கையால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் நகர்ந்துவிட்டார்.

நடுவில் வந்து நின்றது குளம். இந்தப் பேச்சு கிளம்புவதற்கு முன்பே பின்கட்டில் அவர் ஆரம்பித்துவிட்ட வேலை. கட்டில் நீளத்துக்கு ஒரு குழி, அதில் தடித்த கறுப்பு விரிப்பு, விளிம்பில் உருண்டைக் கல், அல்லி இரண்டு தொட்டி, ஆரஞ்சும் வெள்ளையுமாக மீன்கள். தண்ணீரைத் தூக்கிக் கல்மேல் வழியவிடுவதற்கு ஒரு சின்ன பம்பு. பக்கத்தில் கல் பாவிய தளம். அதில் இரண்டு பிரம்பு நாற்காலி. கடையிலிருந்து வந்து அங்கே உட்கார்ந்தால், அன்றைக்கு வந்துபோன மூஞ்சிகளையெல்லாம் தண்ணீர் கழுவிவிடும் என்பது அவர் கணக்கு. பெருமையாகத் தங்கைக்குப் படம் எடுத்து அனுப்பினார். அவள் கண்ணுக்கு அல்லி தெரியவில்லை, மீன் தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. அதன் விளைவுதான் அந்த போன்.

அடித்தட்டில் கிடந்த மூன்றாவது சரக்கை அவர் எடுத்துப் போட்டார். குளத்தையும் தளத்தையும் சேர்த்து மொத்தமாக ஒரு கூண்டு. நாலு பக்கமும் இரும்புக் கம்பிவலை, மேலேயும் வலை. பூனை வராது, மீன்கொத்தி வராது. இடுப்புக்கு மேலே உள்பக்கமாகக் கொசுவலை. ஒரே ஒரு கதவு. கதவுக்கு அவர் கடையின் உயர்ந்த சரக்கு: விட்டால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கீல், மூடினால் தானாக விழும் கொண்டி. கொண்டியைப் பெரியவர்களின் தலை உயரத்தில், வெளிப்பக்கம் வைக்கச் சொன்னார். குழந்தை ஸ்டூல் போட்டு ஏறினாலும் எட்டாது.

வெல்டர்தான் கேட்டான். "முதலாளி, உள்பக்கம் ஒரு கைப்பிடி வச்சிரலாமா?"

"உள்ள இருந்து யாருய்யா வெளிய வரப் போறது? மீனா?"

"இல்ல, நீங்க உள்ள உட்கார்ந்து காத்து வாங்குறப்ப..."

"காத்து வாங்குறப்பக் கதவு திறந்துல்ல இருக்கும். மூடியிருந்தா உள்ள ஆள் இல்லைன்னு அர்த்தம். கைப்பிடி வச்சா அதுக்கு ஓட்டை போடணும். ஓட்டை போட்டா பிள்ளை அதுல குச்சிய விட்டு நெம்பும். பூட்டு விக்கிறது நானா, நீயா?"

"நீங்கதான் முதலாளி" என்று வெல்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பொறி பறக்கவிட்டான். அவனுக்கென்ன, வேலை ஒன்று மிச்சம்.

பூட்டு விற்கிறவர்களுக்கென்று ஒரு நோய் உண்டு. எந்தக் கதவைப் பார்த்தாலும் வெளிப்பக்கம் நின்றுதான் பார்ப்பார்கள். திருடன் நிற்கிற இடம் அதுதானே. எப்படி நெம்புவான், எங்கே அறுப்பான், எந்தத் திருகாணியைக் கழற்றுவான் என்று யோசித்து யோசித்து, கதவுக்கு இன்னொரு பக்கம் இருப்பதே மறந்துபோகும். உள்ளே இருப்பது அவர்களுக்குச் சரக்கு. சரக்கு வெளியே வர ஆசைப்படாது.

இந்தத் தப்பு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கல் பாவுகிற கொத்தனார் கதவு முட்டுகிறதென்று அரைச் செங்கல் ஒன்றை அடியில் வைத்திருந்தார். கொத்தனார் போனபிறகு பெயிண்ட் அடிக்கிறவன், பெயிண்ட் காய்ந்தபிறகு டீயோடு மனைவி, மீன் பாக்கெட்டோடு இவர் என்று எல்லோரும் அந்தச் செங்கலைத் தாண்டித் தாண்டியே போய்வந்தார்கள். உள்ளே ஆள் இருக்கக் கதவு மூடியதே இல்லை.

சனிக்கிழமை காலையில் தங்கை வந்தாள். ஒரு கையில் மகள், மறுகையில் மகளின் துணிப்பை. பெண்ணுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். கறுப்பாக, உருண்டையாக, ஒரு இடத்தில் நிற்காமல் உருளும். செருப்பைக் கண்டதும் காலை நீட்டியது, அத்தை மாட்டிவிட்டாள், வீடு முழுக்க பீப் பீப். துணிப்பை மட்டும் வாசல் ஓரத்திலேயே நின்றது. யாரும் அதை உள்ளே எடுத்துவைக்கவில்லை. மனைவி அதைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தடவை பார்த்தாள்.

தங்கை நேரே பின்கட்டுக்குப் போனாள். கம்பிவலையைப் பிடித்து உலுக்கினாள். குழந்தை உயரத்துக்குக் குனிந்து வலைக்கண்ணில் விரலை விட்டாள்.

"விரல் போகுதே அண்ணே."

"விரல்தானே போகுது, ஆள் போகலையே."

"இது என்ன செங்கல்?"

"வேலை நடந்தப்ப வச்சது. கிடக்கட்டும்."

"இவ்வளவு பெரிய பூட்டுக்காரர் வீட்டுக் கதவுக்கு அரைச் செங்கல்தான் காவலா?" என்று காலால் அதைத் தள்ளிவிட்டாள். கதவு மெதுவாகத் திரும்பி வந்து சட்டத்தில் ஒட்டியது. கொண்டி விழுந்தது. டக். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பூட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

தங்கை மகளைத் தூக்கி நிறுத்தினாள். "திற பாப்போம்." மிளகு எம்பினாள், குதித்தாள், செருப்பு கத்தியது, எட்டவில்லை.

"ம்" என்றாள் தங்கை.

அந்த "ம்"மில் ஒன்றும் கிடைக்கவில்லை. இவளும் அதே கடை மேஜைக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவள். பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை முகத்தில் காட்டினால் விலை ஏறும் என்று பால் குடிக்கும்போதே தெரிந்தவள்.

"நானும் அண்ணியும் கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரோம். இவ உன்கூட இருக்கட்டும்" என்றாள்.

"அப்போ சரின்னு வச்சுக்கலாமா?"

"வந்து சொல்றேன்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா நாளைக்கு ராத்திரி ரயில். வந்து சொல்றேன்னுதானே சொன்னேன்."

இது கடைத்தெருவுக்குப் போவதல்ல, பரீட்சை என்பது அவருக்குப் புரிந்தது. மனைவிக்கும் புரிந்தது. கேட்டைத் தாண்டும்போது அவள் திரும்பி, "என்னங்க, பார்த்துக்கோங்க" என்றாள். கண்ணாடிச் சாமானைக் கைமாற்றும்போது சொல்கிற குரல் அது.

மிளகு பெயிண்ட் டப்பாவில் உருண்டைக் கல் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கல்லுக்கு ஒரு பீப். பூட்டுக்காரர் பிரம்பு நாற்காலி ஒன்றை வெளியே போட்டு அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பம்பு விக்கியது. ஒருமுறை செருமி நின்றுபோனது. கல்மேல் வழிந்த தண்ணீர் நூலாகி, சொட்டாகி, அதுவும் இல்லாமல் போனது. வருகிறவள் கண்ணுக்கு முதலில் படப்போவது அதுதான். சரக்கைப் பரப்பி வைத்துவிட்டு விளக்கை அணைத்த மாதிரி இருக்கும்.

சட்டையைக் கழற்றித் துணி காய்கிற கம்பத்தில் மாட்டினார். போன் சட்டைப் பையிலேயே இருந்தது. கதவைத் திறந்தார்.

"மாமா, நானும்."

"நீ வெளியதான். இங்க மீனுக்கு மட்டும்தான் அனுமதி."

முதுகுக்குப் பின்னால் டக் என்றது. பிள்ளை உள்ளே வராமல் அதுவே பார்த்துக்கொண்டது. என்ன கொண்டி, என்ன கொண்டி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டே குப்புறப் படுத்து, தோள்வரை கையைத் தண்ணீரில் விட்டார். பம்பின் ஸ்பாஞ்சில் ஓர் அல்லி இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. வெல்டர், விட்டுப்போன ஏணிக்காக வந்திருந்தான். வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டுக்கு வந்தவன், "ஏணியை எடுத்துக்கறேன் முதலாளி" என்றான்.

"எடுத்துக்கோ. போறப்பக் கேட்டைச் சாத்திட்டுப் போ."

சொல்லி முடிக்கவும் இலை கையோடு வரவும் சரியாக இருந்தது. பம்பு உயிர்பிடித்து உறுமியது. வெல்டர் என்ன சொன்னான் என்று காதில் விழவில்லை. தோளில் ஏணி, இரண்டு கையும் ஏணியில். இடுப்பால் கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு போனவன் எந்தக் கையால் சாத்துவான். வேன் கிளம்பிய சத்தம் கேட்டது.

பூட்டுக்காரர் எழுந்து கையை வேட்டியில் துடைத்தார். சந்தின் கடைசியில் கேட் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ரோடு. பாலம் வேலை நடப்பதால் பெரிய ரோட்டு லாரிகளெல்லாம் இப்போது இந்த வழியாகத்தான்.

"சாத்திட்டுப் போன்னா காதுல விழுதா" என்று முணுமுணுத்தபடி கதவுக்குப் போனார். கை தன் போக்கில் நீண்டது. கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் வழவழவென்று இரும்புத் தகடு. உள்ளங்கை அதில் மேலும் கீழும் ஒருமுறை வழுக்கியது.

தள்ளினார். கதவு அவர் விற்ற சரக்குக்குத் தகுந்த மரியாதையோடு நின்றது. தோளைக் கொடுத்து இடித்தார். கூண்டு முழுக்கச் சிலிர்த்தது. கொண்டி இம்மி அசையவில்லை. இன்னும் ஓர் இடி. தோள்பட்டையில் தோல் உரிந்தது. கொசுவலையைக் கிழித்து, வலைக்கண்ணில் இரண்டு விரலை விட்டு மேலே துழாவினார். கொண்டிக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம். அந்த ஒரு சாணைத் தான்தான் அளந்து கொடுத்தோம் என்பது ஞாபகம் வந்தது.

"மாமா, டிஷ்யூம் பண்ணு" என்றாள் மிளகு. அவளுக்கு இது பிடித்திருந்தது.

"மிளகுக் குட்டி, இங்க வா. மாமாகிட்ட வா."

வா என்றால் ஓடு என்று அர்த்தம், அந்த வயதுக்கு. அவள் சிரித்துக்கொண்டே இரண்டடி பின்னால் போனாள். பீப் பீப்.

"ஓடாதே. நில்லு."

பீப் பீப் பீப். சந்தின் முனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தாள். மாமா துரத்தவேண்டும். துரத்தினால்தான் விளையாட்டு. மாமா கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் புரியவில்லை; ஆனால் குரல் ஏறுவது நன்றாக இருந்தது.

"யாராவது இருக்கீங்களா" என்று அவர் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினார். ஒரு பக்கம் காலி மனை. மறுபக்கத்து வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போய்விடுகிறவர்கள்.

"யாவது இக்கீங்களா" என்று மிளகும் கத்தினாள். கத்திவிட்டுச் சந்துக்குள் ஓடினாள்.

கம்பத்தில் மாட்டிய சட்டையில் போன் அடித்தது. அடித்து, ஓய்ந்து, மறுபடியும் அடித்தது.

வலையில் முகத்தை ஒட்டிப் பார்த்தால் சந்து முழுக்கத் தெரிந்தது. பாதிச் சந்தில் ஒரு தடவை நின்று திரும்பினாள். அவர் கத்தினார். ஓடினாள். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று திரும்பினாள். அவர் வாயைத் திறந்தார்.

திறந்த வாயை அப்படியே மூடினார்.

எத்தனை ஆயிரம் பேர் அவர் கடைப் படியில் இறங்கியிருப்பார்கள். விலை படியாமல் இறங்குகிறவன் ஒரு படியில் நிற்பான். முதுகில் காது வைத்திருப்பான். கூப்பிட்டால் அவன் ஜெயித்தான். இன்னும் நாலு படி இறங்கிக் காட்டுவான். கூப்பிடவே கூடாது. அவன் இருந்ததையே மறந்துவிட்டு, திரும்பி, வேறு யாரோ நல்ல ஆள் உள்ளே வந்துவிட்ட மாதிரி அந்த ஆளிடம் பேச ஆரம்பிக்க வேண்டும். நூற்றில் தொண்ணூறு பேர் படி ஏறுவார்கள்.

மிச்சம் பத்துப் பேர் போய்விடுவார்கள்தான். கடையில் அது போனால் ஒரு பூட்டு.

ஒரு லாரி ஹாரனை அடித்துக்கொண்டே கடந்தது. கேட்டின் இரும்புத் தகடு அதிர்ந்தது. மிளகு ரோட்டுப் பக்கம் ஆவலாகத் தலையைத் திருப்பினாள்.

பூட்டுக்காரர் அவளுக்கு முதுகைக் காட்டி, வலையை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார்.

"வாங்க வாங்க" என்றார் மீன்களைப் பார்த்து. தொண்டையைச் செருமிக் கடைக் குரலை எடுத்தார். தெருவரைக்கும் கேட்கிற, ஆனால் தெருவுக்காகப் பேசாத குரல். "என்ன வேணும் உங்களுக்கு? அலமாரிப் பூட்டா, பெட்டிப் பூட்டா? ஆரஞ்சு அக்கா, நீங்க முன்னாடி வாங்க. அட, தள்ளாதீங்கப்பா, எல்லாருக்கும் இருக்கு."

பின்னால் சத்தம் இல்லை. பீப் இல்லை.

"இது புதுசா வந்த சரக்கு. குட்டிப் பூட்டு. கட்டை விரல் அளவுதான். சாவி அதைவிடக் குட்டி. சிவப்புக் கலர்ல ஒண்ணு, மஞ்சள் கலர்ல ஒண்ணு. தொட்டுப் பார்க்கலாம், தப்பில்ல."

ரோட்டில் எதுவோ பிரேக் அடித்துக் கிறீச்சிட்டது. அவர் கழுத்து நரம்பெல்லாம் பின்னால் திரும்பின. கழுத்து மட்டும் திரும்பவில்லை. திரும்பினால் அவள் பார்ப்பாள். மாமா பார்க்கிறார் என்று தெரிந்தால் ஓடுவாள். ஓடினால் எந்தப் பக்கம் ஓடுவாள் என்பதற்கு மேல் யோசிக்க அவருக்குத் துணிவில்லை. இரண்டு கையாலும் கல்தளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரில் தன் முகம் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் மீனைப் பார்த்தார்.

"என்ன அண்ணாத்தே, வெள்ளைச் சட்டை? உங்களுக்கு மஞ்சளா? மஞ்சள் தரமாட்டேன், அது ஒருத்தருக்கு எடுத்து வச்சிருக்கேன். யாருக்குன்னா... யாரோ ஒருத்தர் இங்கதான் இருந்தாங்க. போயிட்டாங்க போல. சரி, போனா போகட்டும். நீங்களே எடுத்துக்கோங்க."

பீப்.

ஒன்றே ஒன்று. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

"எடுத்துக்கோங்க, ஆனா ஒரு கண்டிஷன். பூட்டித் திறந்து காட்டணும். இந்தா, இப்படி." கையில் இல்லாத பூட்டை இல்லாத சாவியால் திருகினார். நாக்கால் ஒரு டக். "திறந்துடுச்சே. உள்ள என்ன இருக்குன்னு பார்த்தீங்களா? அம்மாடி. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

பீப் பீப்.

இன்னொரு லாரி. அதன் இரைச்சலில் செருப்பின் சத்தம் காணாமல் போனது. இரைச்சல் வந்து, நின்று, தேய்ந்து முடியும்வரை பூட்டுக்காரர் பேசிக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்று அவருக்கே தெரியாது. வாய்தான் வியாபாரம் செய்தது. ஆள் அங்கே இல்லை. இரைச்சல் அடங்கியது. ஒன்றுமில்லை. பம்பு மட்டும் கல்மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால் நன்றாகக் கேட்கும் என்று தோன்றியது. நிறுத்தியும் ஒன்றும் கேட்காவிட்டால் அதுவும் நன்றாகத் தெரிந்துவிடும் என்றும் தோன்றியது.

"மாமா, யாருகிட்ட பேசுற?"

பக்கத்தில் இல்லை. சந்திலிருந்துதான். ஆனால் சந்தின் இந்த முனை.

எழுந்து பாயலாம் போல இருந்தது. எங்கே பாய்வது, கம்பிவலைக்குள். அவர் தலையைக்கூட அசைக்கவில்லை. மீன்களிடம் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் இருங்க, யாரோ புதுசா ஒரு பார்ட்டி வந்திருக்காங்க. வாங்குற ஆளான்னு தெரியல. சும்மா விலை கேட்டுட்டுப் போற மாதிரி இருக்கு" என்றார்.

பீப் பீப் பீப் பீப். வலைக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கியது.

"எனக்கு."

"உங்களுக்கும் வேணுமா? அப்போ உட்காருங்க. நிக்கிறவங்களுக்கு இந்தக் கடையில கிடையாது."

தொப்பென்று உட்கார்ந்த சத்தம். வலைக்கண் வழியாக ஒரு சின்ன விரல் வந்து அவர் முதுகைக் குத்தியது. "எனக்கு மஞ்ச."

அப்போதுதான் திரும்பினார். அந்த விரலை இரண்டு விரலால் பிடித்தார். இறுக்கவில்லை, இறுக்கினால் இழுத்துக்கொள்வாள். சாவித்துவாரத்தில் உடைந்துபோன சாவியின் துண்டைப் பிடித்து இழுக்கிற பக்குவத்தில் பிடித்துக்கொண்டு, "மஞ்சளா? மஞ்சளுக்கு டிமாண்ட் ஆச்சே" என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்க ஒரு கை மிச்சம் இல்லை என்பதுபோல் விட்டுவிட்டார்.

அதற்கப்புறமும் வியாபாரம் நிற்கவில்லை. நிறுத்த முடியாது. "போறேன்" என்று அவள் எழுந்தபோதெல்லாம் புதிதாக ஒரு பூட்டு கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. பாடுகிற பூட்டு, மழையில் மட்டும் திறக்கிற பூட்டு, மீன் வாய்க்கு மாட்டுகிற பூட்டு. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. குளத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டுக்கொண்டார்.

சந்தில் பேச்சுக் குரல் கேட்டது. மனைவியும் தங்கையும்.

தங்கை முதலில் பேசிக்கொண்டேதான் வந்தாள். "போன் பண்ணா எடுக்க மாட்டியா அண்ணே? பால் பாக்கெட் ஒண்ணா ரெண்டான்னு..." அங்கே நின்றாள். திரும்பிக் கேட்டைப் பார்த்தாள். கூண்டுக்கு வெளியே மகள், கூண்டுக்குள் அண்ணன், தோளில் ரத்தம், கம்பத்தில் சட்டை. பைகளைக் கீழே வைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டாள்.

மனைவியின் கை கொண்டிக்குப் போனது.

"இருங்க அண்ணி" என்றாள் தங்கை. "திறக்காதீங்க."

மனைவியின் கை காற்றில் நின்றது.

"கேட்டை யாரு திறந்தது?"

"வெல்டர். ஏணி எடுக்க வந்தான். நான் பம்பைப் பார்க்க உள்ள வந்தேன். உள்பக்கம் கைப்பிடி இல்ல." எப்போதும் நாலு சொல் கூட்டிச் சொல்கிறவர், இருந்ததை இருந்தபடி சொன்னார்.

"இவ எங்க போனா?"

இங்கேதான் ஒரு வியாபாரி கொஞ்சம் தள்ளுபடி செய்வான். சந்துவரைக்கும் போனாள் என்று சொன்னால் போதும், பொய்யும் இல்லை. மனைவி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுக்குப் போயிட்டா. கேட்டுக்கு வெளிய போனாளான்னு எனக்குத் தெரியாது. நான் பார்க்கல."

"பார்க்கலையா?"

"மாமா மீனுக்குப் பூட்டு விக்குறாங்க" என்றாள் மிளகு. "எனக்கு மஞ்ச தரேன்னாங்க. தரல."

தங்கை மகளைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அந்தக் கடையில் வளர்ந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"முகத்தைத் திருப்பிக்கிட்டியா?"

அவர் தலையாட்டினார்.

"ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலையா? கடையில ஓரக்கண்ணால பார்த்துப் பார்த்துத்தானே பாதி வியாபாரத்தைக் கெடுப்ப."

"பார்க்கல."

தங்கை மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். மிளகு காலை ஆட்டினாள். கால் தரையில் படாததால் செருப்பு கத்தவில்லை.

பேசியது மனைவி. "இன்னிக்கு வேண்டாம்மா. கூட்டிட்டுப் போயிடு."

"அண்ணி?"

"இவர் தெரிஞ்சு செய்யலைதான். ஆனா இப்படியே விட்டுட்டுப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கேட்டு சரியாகட்டும், கதவு சரியாகட்டும். அதுக்கப்புறம் உனக்கு மனசு வந்தா கூட்டிட்டு வா. வரலைன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்." சொல்லிவிட்டு, காலில் கிடந்த பால் பாக்கெட்டைக் குனிந்து எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் தயார் செய்து வைத்திருந்த தங்கையிடமிருந்து அந்தச் சொல்லை வேறொருத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரம் கம்பிவலையைப் பார்த்தாள்.

"கேட்டுக்குத் தானா மூடுற ஸ்பிரிங்" என்றாள் அண்ணனிடம். "இந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி. ரெண்டையும் நீ உள்ள நின்னு பூட்டி, நீயே திறந்துட்டு வெளிய வரணும். நான் பார்க்கணும்."

"சரி."

"மாமியார்கிட்ட நான் பேசிக்கறேன். வேலைல சேர ஒரு வாரம் தள்ளிக் கேட்டுக்கறேன். அடுத்த திங்கக்கிழமை இவளைக் கூட்டிட்டு வரேன்."

பூட்டுக்காரர் கண்ணைத் துடைத்தார். தரையில் உட்கார்ந்தபடியே, வலைக்குள்ளிருந்து, "ஞாயித்துக்கிழமையே கூட்டிட்டு வாயேன்" என்றார்.

"செவ்வாய்க்கிழமை."

"சரி சரி. திங்கள்."

தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இப்பத் திறங்க அண்ணி."

மனைவி எக்கிக் கொண்டியைத் தூக்கினாள். கதவு வந்தது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டு காலும் மரத்துப்போய்த் தன்னுடையவை இல்லாத மாதிரி இருந்தன. ஸ்பிரிங் கீல் மெதுவாகக் கதவைத் திரும்ப இழுத்தது.

"அவசரப்படாதீங்க" என்று மனைவி கதவில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றாள். "நான் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."